பயோடீசல் ஊற்றி ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாமக்கல் லாரிக்காரர்:
என்னுடையது 2008 மாடல் லாரி. ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் தயாரித்த பயோடீசலை, 80 லிட்டர் டீசலுக்கு 20 லிட்டர் என்று கலந்து ஒன்றரை வருடமாக ஓட்டுகிறேன். முதல் மாதம் படாத பாடு பட்டேன். லோடு ஏற்றிக் கிருஷ்ணகிரி போகும்போது தொப்பூர் மேட்டில் வண்டி இழுக்கவே இல்லை, திணறி நின்றுவிட்டது. கிளீனர் தம்பி டீசல் பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். கறுப்பாகக் களி மாதிரி வந்து விழுந்தது. விரலில் ஒட்டியது சோப்புப் போட்டும் போகவில்லை.

சரக்கு மோசம் என்று பேரலைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார். "இது பயோடீசல் அழுக்கு இல்லப்பா. உன் டேங்கில் இத்தனை வருஷமாப் படிஞ்சு கிடந்தது. அதைக் கழுவி எடுத்துட்டு வருது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மூன்றாவது பில்டருக்கு அப்புறம் அடைப்பே இல்லை. பழைய ரப்பர் பைப் மட்டும் ஊறி உப்பிக் கசிந்தது, அதையும் மாற்றினோம்.

வெறும் பயோடீசலில் லிட்டருக்குச் சுமார் 8 சதவீதம் சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் 2 சதவீதத்துக்குள்தான் வரும், என் மைலேஜ் கணக்கில் அது தெரியவில்லை. ஆனால் புகை நன்றாகவே குறைந்திருக்கிறது. எண்ணெயிலேயே ஆக்சிஜன் இருப்பதால் முழுசாக எரிகிறது. முன்பெல்லாம் காலையில் நான் வண்டியை எடுத்தால் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கொடியில் காயும் துணியை எடுப்பார். இப்போது எடுப்பதில்லை.

ஊட்டி பிக்கப்:
அண்ணே, கீழே சரி, மலையில் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். நம் ஓட்டல்களில் பெரும்பாலும் பாமாயில். அதில் எடுத்த பயோடீசல் 15 டிகிரி பக்கம் வந்தாலே மங்க ஆரம்பிக்கும். ஜனவரியில் ஒரு பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் நெய் மாதிரி உறைந்திருந்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட் அன்று வீட்டிலேயே கிடந்தது. பனிக்காலத்தில் இப்போது வெறும் டீசல்தான்.

சிவகங்கை விவசாயி:
நான் வண்டிக்காரன் இல்லை. பயோடீசலுக்கு என்று காட்டாமணக்கு வைத்தவன். மானாவாரியில் தண்ணீரே வேண்டாம், காய்த்துத் தள்ளும் என்றார்கள். செடி சாகவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாமல் காய் எங்கே பிடிக்கும்? மூன்று வருடம் பார்த்துவிட்டுப் பிடுங்கிப் போட்டேன். ஆடுகூட வாய் வைக்காத செடி. அந்த இரண்டு ஏக்கரில் கேழ்வரகு போட்டிருந்தால் வீட்டுக்காவது ஆகியிருக்கும்.

நாமக்கல் லாரிக்காரர்:
ஐயா சொல்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் ஓட்டல் எண்ணெயையே நான் தேடி வாங்குகிறேன், அதற்குத் தனியாக நிலம் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று பயோடீசல் பெயரில் வேறு எதையாவது வாங்கிவிடாதீர்கள். பயோடீசலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15607, அதன்படி சோதித்த அறிக்கை கேளுங்கள், காட்டாவிட்டால் வேண்டாம். மாதக்கணக்கில் பேரலில் வைத்தால் கெட்டுப்போகும், தண்ணீரையும் இழுக்கும். பிஎஸ் 6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி என்றால் கம்பெனி புத்தகத்தில் எத்தனை சதவீதம் வரை என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் சீட்டுக்கு அடியில் இரண்டு பில்டர் வைத்துக்கொள்ளுங்கள்.