வெள்ளைக் கதவில் கறுப்புப் பொட்டுகள்: உங்கள் டயர் பாலிஷ் அனுபவம் என்ன?

தூறல்:
நண்பனுக்கு வேலைக்கான நேர்காணல். நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். காலையில் வண்டியைக் கழுவி, நாலு டயருக்கும் ஸ்ப்ரே பாலிஷ் அடித்தேன். புது டப்பா. அடித்தவுடன் டயர் கண்ணாடி மாதிரி மின்னியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் வேகமாகத்தான் ஓட்டினேன்.

இறங்கும்போது அவன் கையிலிருந்த ஃபைல் நழுவியது. குனிந்து எடுத்தான், சட்டைக் கை கதவின் அடியில் உரசியது. நிமிர்ந்தால், வெள்ளைச் சட்டையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுப்பாக ஒரு இழுப்பு. அப்புறம்தான் கதவைப் பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டு ஓரம் தொடங்கி கதவு வரைக்கும் விசிறி போலப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். அவன் மடித்துக்கொண்டு போனது இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? இப்போது என்ன போடுகிறீர்கள்?

நாலாம்கியர்:
எனக்கும் ஆகியிருக்கிறது, ஆனால் என் வண்டி கறுப்பு என்பதால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீங்கள் அடித்தது ஸால்வன்ட் வகை, அதாவது பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. பளபளப்பு அதிகம், பிசுக்கும் அதிகம். பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே, தண்ணீர் வகை, அதற்கு மாறிவிடுங்கள். பிரச்சினை முடிந்தது. இரண்டு மழை நனைந்தால் மங்கிவிடும், அவ்வளவுதான்.

ஓரக்கண்ணாடி:
நாலாம்கியர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வகையை மாற்றினால் மட்டும் தெறிப்பது நிற்காது. நான் தண்ணீர் வகையைப் போட்டுமே என் வண்டியின் பின் பம்பர் முழுக்கப் புள்ளி. காரணம் பிறகுதான் புரிந்தது: கழுவின ஈரம் காயாத டயரில் போட்டிருக்கிறேன், அதுவும் வழிய வழிய.

தூறல் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். டயரை முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். கார் ஷாம்பூ போதாது, டயர் க்ளீனரும் கெட்டியான பிரஷும் வேண்டும். முதல் தடவை தேய்த்தபோது நுரை துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, டயரே கரைகிறதோ என்று. அப்படி இல்லை. காற்றில் இருக்கும் ஓசோன் வாயு பட்டு ரப்பர் வெடிக்காமல் இருக்க, தயாரிக்கும்போதே ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்து, காற்றுப் பட்டுப் பழுப்பாகிறது. அதோடு பழைய பாலிஷும் சாலை அழுக்கும் சேர்ந்து ஒரு தோல் மாதிரிப் படிந்திருக்கும். அதன் மேல் எதைப் போட்டாலும் ஒட்டாது, ஒட்டாதது சுற்றும்போது பறக்கத்தான் செய்யும். நுரை வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று தடவை தேயுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள், எழுத்துப் பள்ளங்களில் தேங்க விடாதீர்கள். ஒரு பதினைந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். முடிந்தால் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் வண்டியை எடுங்கள். துடைத்தால் பளபளப்பு போய்விடுமே என்பார்கள். போகட்டும். புது டயர் அப்படி மின்னுவதில்லை, லேசான கறுப்பாகத்தான் இருக்கும்.

பழையசாவி:
நீங்கள் எல்லாரும் தெறிப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தெறிக்கவே இல்லை, அதனால்தான் ஏமாந்தேன்.

கைமாறிய வண்டி ஒன்று பார்க்கப் போனேன். நாலு டயரும் கருகருவென்று மின்னின. பட்டனும், அதாவது தரையில் படும் பக்கத்துப் பள்ளங்களும், ஆழமாக இருந்தது. "டயர் மாற்றி இரண்டு வருஷம்தான் ஆகிறது" என்றார் விற்றவர். அந்த மினுக்கைப் பார்த்து நம்பிவிட்டேன். வாங்கிய வாரமே நல்ல மழை. மறுநாள் என் மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்: "அப்பா, சக்கரத்துல கோடு கோடா இருக்கு." போய் உட்கார்ந்து பார்த்தேன். சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், எழுத்துகளைச் சுற்றித் தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள். விரலால் அழுத்தி வளைத்தால் வாய் திறந்தன. பாலிஷ் உள்ளே இறங்கி அத்தனையையும் நிரப்பி வைத்திருந்திருக்கிறது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். டயரில் DOT (டாட்) என்று தொடங்கும் குறியீடு இருக்கும், அதன் கடைசி நாலு எண்தான் தயாரான வாரமும் ஆண்டும். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், என் டயரில் உள்பக்கம் இருந்தது. 1114. அதாவது 2014-ஆம் ஆண்டின் 11-ஆம் வாரம் தயாரானது. ஒன்பது வருஷத்து டயரில் மகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டி வந்திருக்கிறேன். நாலையும் மாற்றினேன். இப்போது யார் வண்டி வாங்கப் போனாலும் ஈரத்துணியும் டார்ச்சும் கொடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று: அதிகம் ஓடாமல் நின்றே கிடக்கும் வண்டியில் வெடிப்பு சீக்கிரம் வரும். டயர் உருண்டு நெளிந்தால்தான் உள்ளே இருக்கும் மெழுகு மேலே வந்து காக்கும். கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள்.

மண்ரோடு:
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் அப்பா காலத்திலிருந்து டீசல் நனைத்த துணியால்தான் துடைக்கிறோம். கன்னங்கரேல் என்று இருக்கும். ஒன்றும் ஆகவில்லை.

ஓரக்கண்ணாடி:
மண்ரோடு, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். டீசல், மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்து இளக்கும். இன்று கறுப்பாகத் தெரிவது ஊறியதால்தான். கறுப்பு வேண்டும் என்றால் கிளிசரினைத் தண்ணீரில் கலந்துகூடத் தடவலாம், ரப்பரை அது கெடுக்காது. தூசி ஒட்டும், மழையில் போய்விடும், அவ்வளவுதான்.

வளைவு:
பைக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தம்பி ஆசையாக என் பைக்கைத் துடைத்து, டயருக்கும் பாலிஷ் போட்டு வைத்திருந்தான். ஓரம் மட்டும்தான், தரையில் படும் இடத்தில் போடவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறான். வளைவில் பைக் சாய்ந்தால் அந்த ஓரம்தானே தரையைத் தொடும்? தெருமுனை திரும்பினேன், பின்சக்கரம் கீழிருந்து யாரோ இழுத்ததுபோலப் போனது. வேகம் இல்லாததால் முட்டி சிராய்ப்போடு தப்பினேன். விழுந்த இடத்தில் என் கண்ணுக்கு நேராக அந்த டயர் மின்னிக்கொண்டு இருந்தது.

நாலாம்கியர்:
கவனமாக, ரிம் பக்கம் மட்டும் தடவினால் பைக்கிலும் போடலாமே?

வளைவு:
வேண்டாம் அண்ணா. வெயிலில் அது எவ்வளவு தூரம் பரவும் என்று யார் சொல்ல முடியும்? சோப்புத் தண்ணீர் போதும்.

உப்புத்தாள்:
பெயின்ட் பட்டறையில் வேலை செய்கிறேன். ஸ்ப்ரே டப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கதவில் சின்னக் கீறல் என்று ஒரு வண்டி வந்தது. தேய்த்து, துடைத்து, பெயின்ட் அடித்தேன். அடித்த கணமே பெயின்ட் விலகி விலகி வட்டமாகக் குழி விழுந்தது, எண்ணெய் மேல் தண்ணீர் ஊற்றினால் ஓடுமே, அப்படி. டயர் ஸ்ப்ரேக்களில் இருக்கும் சிலிகோன் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. முழுவதையும் தேய்த்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். வண்டிக்காரரைக் கேட்டால், வாரா வாரம் டயர் ஸ்ப்ரே அடிப்பாராம், காற்றில் பறந்தது கதவில் படிந்திருக்கிறது. பிரேக் டிஸ்க் மேலும் இப்படித்தான் படியும், அது பெயின்ட்டைவிட ஆபத்து. ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் ஸ்பாஞ்சில் அடித்து, பிறகு டயரில் தேயுங்கள்.

தூறல்:
எல்லாருக்கும் நன்றி. பழையசாவி எழுதியதைப் படித்துவிட்டு உடனே கீழே போய் எண்ணைப் பார்த்தேன். 3121, சரிதான்.

தண்ணீர் வகையே வாங்கினேன். மூன்று தடவை தேய்த்த பிறகுதான் நுரை வெளுத்தது. நேற்று ராத்திரி மெல்லிசாகத் தடவித் துடைத்தேன். இன்று காலை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, என்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து மட்கார்டு ஓரத்திலிருந்து கதவின் அடிவரை அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். தூசிதான் இருந்தது, கறுப்பு இல்லை. அவனுக்கு அடுத்த புதன்கிழமை இன்னொரு நேர்காணல். நானே கொண்டுபோய் விடட்டுமா என்று இன்னும் கேட்கவில்லை, இன்று கேட்கப்போகிறேன்.