சவுண்ட்ஸ்காரர்களோடு ஐந்து நாள்

ஊர் ஊராகப் போய் வாசித்தவர்கள் வழியில் சந்தித்த ஆட்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் றொக் பாண்டில் ஐந்து பேர். கிற்றார் இரண்டு, பேஸ், ட்றம்ஸ், கீபோட். நான் கிற்றார் வாசிப்பேன், பாட்டும் எழுதுவேன். எந்தக் கம்பனியும் எங்களை எடுக்கவில்லை, மனேஜர் என்று ஒருவரும் இல்லை. பதிவு செய்ததெல்லாம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின் அறையில், சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்துத்தான். 2022இல் கிழக்கு வரை போய் வாசிக்கத் திட்டம் போட்டோம். தட்டுப்பாட்டால் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்து, வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனது. மட்டக்களப்புக்குப் போய்த் திரும்ப அது காணாது. 2023 செப்டெம்பரில் அந்த முறை நின்றதும் புறப்பட்டுவிட்டோம். கிளிநொச்சி, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு. ஐந்து நாள், நாலு மேடை.

அந்த ஐந்து நாளில் யாரைச் சந்தித்தாய் என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சவுண்ட்ஸ்காரர்கள்தான், அதாவது மேடைக்கு மைக்கும் ஸ்பீக்கரும் போட்டு ஒலியைப் பார்க்கிறவர்கள். பெரிய குழுக்கள் தங்கள் ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தந்த ஊரில் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்தான் கதி. பின்னேரம் மூன்று மணிக்கு, வெறும் கதிரைகளுக்கு நடுவில் நின்று, அந்த ஊரில் எங்கள் பாட்டை முதன்முதல் கேட்கிற ஆளும் அவர்தான். இரவு அந்தப் பாட்டு சனத்திடம் போய்ச் சேருவது பாதிக்குமேல் அவர் கையில் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

கிளிநொச்சியில் ஒரு விளையாட்டுக் கழக மைதானம். சவுண்ட்ஸ்காரர் அறுபதைத் தாண்டிய ஐயா. கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். ட்றம்ஸை இறக்கி வைத்ததும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“தம்பி, தவிலுக்கு நான் ரெண்டு மைக் வைப்பன். உதுக்கு எத்தினை?”

“எட்டு இருந்தா நல்லம் ஐயா.”

“என்ரை மிக்ஸரிலை மொத்தமே எட்டுச் சனல்தான் அப்பன்.” மிக்ஸர் என்பது எல்லா மைக்கையும் கருவிகளையும் சேர்த்து ஒலியைச் சரிசெய்கிற பெட்டி, ஒரு சனலுக்கு ஒன்றுதான்.

எங்கள் ட்றம்ஸ்காரன் இணுவில் பெடியன். அவனுடைய அப்பப்பா தவில்காரர். அவன் ஸ்டூலில் இருந்தபடி காலால் ஒரு அடி அடித்து, “இது தொப்பிப் பக்கம் ஐயா” என்றான். பிறகு முன்னாலிருந்த ஸ்னெயர் ட்றம்மில் தட்டி, “இது வலந்தலை” என்றான். ஐயாவின் முகம் மாறிவிட்டது. தவிலில் இடப்பக்கமான தொப்பியைப் பூவரசங் கழியால் அடிப்பார்கள், வலப்பக்கமான வலந்தலையை விரலில் கூடு மாட்டி வாசிப்பார்கள். ஒன்று கனம், மற்றது வெடிப்பு. அவர் சின்ன வயதில் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கோயில் வீதியில் நின்று கேட்டவராம். அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாடுகிறவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கீபோட், பேஸ், ஒரு கிற்றார். மிச்சம் மூன்றை ட்றம்ஸுக்குப் பிரித்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஆளனுப்பி ஒரு தலையணை எடுப்பித்து, கால் ட்றம்முக்குள் தானே வைத்தார். சோளகக் காற்று விசிறி அடித்துக்கொண்டிருந்தது. மைக்குகளுக்கு ஸ்பொஞ் வெட்டி நூலால் கட்டினார். எங்கள் ஊரில் புதுப் பெட்டிகளில் வாசித்தபோதுகூட ட்றம்ஸ் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அவருடைய மிக்ஸர் ஒரு துருப்பிடித்த இரும்புப் பெட்டிக்கு மேல் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். 2009இல் ஊரை விட்டுப் போகும்போது இரண்டு அம்பை, அதாவது அம்பிளிபயரை, பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனாராம். திரும்பி வந்து தோண்டியபோது உள்ளே எல்லாம் மண்ணாகிப் போயிருந்தது. ஒன்றை எறிந்துவிட்டார். மற்றது இதுதான். “மிக்ஸருக்குச் சரியான உயரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வயர் சுற்றப் போய்விட்டார். நானும் போய்ச் சேர்ந்து சுற்றினேன். வயரை முழங்கையில் சுற்றக்கூடாது, முறுகிவிடும், ஒரு சுற்று நேராகவும் அடுத்தது மறுபக்கமாகவும் மடிக்க வேண்டும் என்று அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார். பத்து வருடமாகக் கிற்றார் வாசிக்கிறேன், அன்றைக்குத்தான் பழகினேன்.

அடுத்த நாள் முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனோம்.

வவுனியாவில் ஒரு மண்டபம். இந்தச் சவுண்ட்ஸ்காரர் எங்களை விட இளையவர், டிஜிட்டல் மிக்ஸர், டப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தே சரிபார்ப்பார். ஆனால் கிற்றார் அம்பைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். மேடைக்கு ஒரு லைனில் கரண்ட், மிக்ஸருக்கு மண்டபத்தின் மற்றக் கோடியிலிருந்து இன்னொரு லைன். இரண்டு எர்த்தும் கிற்றார் வயர் வழியாகச் சேர்ந்து வளையமாகிவிட்டால் இப்படித்தான் இரையும். நின்றவர்களில் ஒருவர், “பிளக்கிலை எர்த் காலை வெட்டிவிடுங்கோ, நிண்டிடும்” என்றார். அதுவரை மெல்லக் கதைத்துக்கொண்டிருந்த தம்பி சத்தம் போட்டுவிட்டார். “அண்ணை, எர்த்தை வெட்டினா அம்பிலை எங்கையாவது பழுது வந்தால் கிற்றார் கம்பியிலை கரண்ட் நிக்கும். இவர் கம்பியிலை கை வைச்சபடி வாயை மைக்கிலை வைச்சாரெண்டால் ஆள் இல்லை. இரைஞ்சாலும் பரவாயில்லை, நான் வெட்ட மாட்டன்.” ஒரு மணித்தியாலம் செலவழித்து, நீள வயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே லைனுக்குக் கொண்டு வந்தார். இரைச்சல் முக்கால்வாசி போனது.

இதைக் குறிப்பாக எழுதக் காரணம், எங்கள் பக்கத்தில் எர்த் வெட்டிய பிளக்குகளை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஏன், எங்களிடமே ஒன்று இருந்தது. அதை வவுனியாவிலேயே மாற்றினோம். புதுசாக வாசிக்கத் தொடங்கும் தம்பிமார் தங்கச்சிமார் தயவுசெய்து உங்கள் பிளக்குகளை ஒருமுறை பாருங்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் 31 பேர், ரிக்கற் கட்டைப் பார்த்து எண்ணினோம். பிந்தித் தொடங்கியதால் கடைசி மூன்று பாட்டை விட வேண்டியதாயிற்று. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி போடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது, பொலிஸ் தந்த அனுமதிக் கடிதத்திலும் அதே நேரம்தான். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பி டப்லெட்டை உயர்த்திக் காட்டினார். நிறுத்தினோம்.

திருகோணமலையில் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் வாசித்தோம். அங்கே சவுண்ட் பார்த்தவர் சிங்களவர், எங்களுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. எங்கள் பாட்டு ஒன்று ஆறு-எட்டு தாளத்தில் போகும். அது தொடங்கியதும் “பைலா! பைலா!” என்று மேசையில் தட்டினார். பைலா சிங்களவரின் ஆட்டப் பாட்டு, அதுவும் அதே தாளம்தான். பேஸை ஏற்றிவிட்டார். அந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு முகம் இருப்பது அதுவரை எங்களுக்கே தெரியாது. இப்போது எங்கே வாசித்தாலும் அதைப் பேஸை ஏற்றித்தான் வாசிக்கிறோம்.

பிறகு கிண்ணியா வழியாக மட்டக்களப்பு. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், அது 2009இல் திறக்கும்வரை பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் வாகனங்களைக் கொண்டுபோவார்களாம். ட்றம்ஸையும் அம்பையும் பாதையில் ஏற்றி இறக்குவதை நினைத்துப் பார்த்தேன்.

மட்டக்களப்பில் சவுண்ட்ஸ் போட்டவர் ஒரு அண்ணை, கணக்குப் பார்ப்பது அவருடைய மனைவி. நிகழ்ச்சி நன்றாகப் போனது, நாலு இடத்திலும் அதிக சனம் அங்கேதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. மறுநாள் பூரணை. சாமான்களை ஏற்றி முடிந்ததும் அண்ணை, “மீன் பாடுறது கேட்டிருக்கிறீங்களா?” என்றார். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய மச்சானின் தோணி. இரண்டு தடவையாகக் கூட்டிக்கொண்டு போனார். தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கேயோ கம்பியை மெல்ல வருடுவதுபோல ஒன்று. அதற்குக் கீழே தடித்ததாக இன்னொன்று. எங்கள் பேஸ்காரன் சட்டைப் பையிலிருந்து சுருதி பார்க்கிற கிளிப் டியூனரை எடுத்துத் துடுப்பில் மாட்டினான். அது அதிர்வைப் பிடிக்கிற சாமான், காற்றுச் சத்தம் வேண்டியதில்லை. முள் அங்கும் இங்கும் அசைந்ததே தவிர ஒரு சுரத்திலும் நிற்கவில்லை. அண்ணை குனிந்து அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இருபது வருசமா சவுண்ட்ஸ் போடுறன். எனக்கு இரைச்சல் எது, பாட்டு எது எண்டு சந்தேகம் வந்தால் இங்கைதான் வந்து கேக்கிறது.” அது மீனா, ஊரி நத்தையா, வேறு எதுவுமா என்று ஊரில் பல கதை இருக்கிறது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வான், டீசல், சாப்பாடு எல்லாம் போக ஐந்து பேருக்கும் மிஞ்சியது 4,300 ரூபா. கேட்பீர்கள் என்று எழுதிவிட்டேன்.

* * *

தம்பி எழுதியதை வாசித்ததும் எனக்கும் எழுத வேண்டும்போல இருக்கிறது. நான் எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கோடியன் வாசித்தவன். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாட்டால் ஊரைக் கலக்கிய காலம். எந்தக் கோயில் வீதிக்குப் போனாலும் சனம் அதைத்தான் கேட்கும், விடிய விடிய வாசிப்போம்.

ஆனால் எனக்குச் சவுண்ட்ஸ்காரர் என்றால் ஞாபகம் வருவது அந்த மேடைகள் அல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறி வராது. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசற்றும் கேட்டோம். என் அக்காவின் மகன் மிதிப்பான். களைத்தானென்றால் கசற் மெல்லச் சுற்றும், பாடுகிற பெண்ணின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். “மிதியடா!” என்று எல்லாரும் கத்துவோம். சுருதி பிசகாமல் ஒரு பக்கம் முழுக்க மிதிப்பதற்கு அவன் ஒரு வித்தை வைத்திருந்தான்: பாட்டின் தாளத்துக்கு மிதிக்கக்கூடாது, தனக்கென்று ஒரு எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது. இப்போது கனடாவில் லொறி ஓட்டுகிறான். நான் அறிந்ததில் அவனைவிடக் கவனமாகப் பாட்டுக் கேட்ட ஆள் இல்லை.

* * *

வவுனியாவின் அந்த 31 பேரில் நானும் ஒருத்தி. மகளை ரியூசனால் கூட்டிக்கொண்டு வரும் வழியில் சத்தம் கேட்டு உள்ளே வந்தோம். றொக் என்றால் ஒரே கத்தல் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது பாட்டில் அந்தத் தம்பி டப்லெட்டோடு எங்கள் வரிசைக்கு வந்து, “அக்கா, சொல்லுகள் விளங்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கேயே நின்று எதையோ நகர்த்தினார். “இப்ப?” விளங்கியது. ஆச்சியின் வீட்டுக் கிணற்றைப் பற்றிய பாட்டு. என் மகள் அதை இன்றைக்கும் பாடுகிறாள், இரண்டாவது அடி மட்டும் பிழையாக. அதை யாராவது இங்கே எழுதிவிட்டால் உதவி.

* * *

அக்கா, இரண்டாவது அடி: “துலா சாய்ஞ்ச பக்கம் ஆச்சி நிண்ட நிழல்.” பிள்ளை எப்படிப் பாடுகிறாள் என்று எழுதுங்கள், அது நன்றாக இருந்தால் அப்படியே மாற்றுகிறோம்.

ஐயா, உங்கள் மருமகனின் எண்ணிக்கைக் கதையை எங்கள் ட்றம்ஸ்காரனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் உடனே கிளிநொச்சி ஐயாவுக்கு அழைப்பு எடுத்துச் சொன்னான். அவர் பழைய பதினாறு சனல் மிக்ஸர் ஒன்று வாங்கியிருக்கிறாராம். எட்டு மைக்கும் தயார், மாரி மழை விட்டதும் தை மாதம் வரச் சொல்கிறார். தலையணையும் அங்கேயே இருக்கிறதாம்.