மறு: பேரோட்ராமா – ‘உப்பல்’ என்றால் என்ன குறை?

அனைவருக்கும் வணக்கம்.

> அழுத்தக் காயம், காற்றுப்பை வெளித்தள்ளல் – இரண்டில் ஒன்றை முடிவு செய்வோம்.

பேரோட்ராமா (barotrauma) என்பது, ஆழத்திலிருந்து சட்டென மேலே இழுக்கப்படும் மீனுக்கு, அதை மிதக்கவைக்கும் காற்றுப்பையிலுள்ள வளி விரிவதால் வரும் கேடு. அதற்குத் தமிழில் குழுவில் சொன்ன இந்த இரண்டு பெயருமே வேண்டாம் என்பது என் கட்சி. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்ததிலிருந்து இந்தச் சொல் என்னை இழுத்தடிக்கிறது.

‘காற்றுப்பை வெளித்தள்ளல்’ தகவலிலேயே பிழை. போன மாதம் பாம்பனிலிருந்து ஒரு நாட்டுப்படகில், தீவுகளைத் தாண்டி வெளியே போயிருந்தேன். 16 பாகம் ஆழம், அடியில் பார் (கடலடிப் பாறைத்திட்டு). இரையாகப் போட்ட கணவாய்த் துண்டுக்கு ஒரு செப்பிலி மீன் மாட்டியது. தங்கூசை (நைலான் தூண்டில் நரம்பை) இழுத்து மீனை மேலே போட்டால், கண்கள் பிதுங்கி நிற்கின்றன. வாயை அடைத்துக்கொண்டு இளஞ்சிவப்பில் ஒரு பலூன். காற்றுப்பைதான் என்று நானும் நினைத்தேன். படகுக்கார அண்ணன் மீனை அறுத்துக் காட்டினார்: அது இரைப்பை! உள்ளே காற்றுப்பை விரிந்து அதை வாய்வழியே தள்ளியிருக்கிறது. இதைக் காற்றுப்பை என்று எழுதிவைத்தால், படிப்பவர் வளியை வெளியேற்ற நினைத்து ஊசியால் அதையே குத்துவார். மீனின் இரைப்பையில் ஓட்டை விழும்.

16 பாகம் என்றால் ஏறக்குறைய 30 மீட்டர். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல் 4 மடங்கு. மேலே வரும்போது பையிலுள்ள வளியும் 4 மடங்காக விரியப் பார்க்கும். கெண்டைக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு குழல் உண்டு, ஏப்பம் மாதிரி விட்டுவிடும். செப்பிலிக்கு அந்த வழி இல்லை. இரத்தத்தின் வழியே மெதுவாகத்தான் குறைக்க முடியும்.

‘அழுத்தக் காயம்’ என்றாலோ படுக்கையில் கிடப்பவரின் புண்தான் நினைவுக்கு வருகிறது. அண்ணன் சொன்னதைக் கேளுங்கள்: “ஆழத்துல இருந்து வந்தா இப்பிடித்தான் தம்பி, உப்பிக்கிரும்.” சொல் அங்கேயே இருக்கிறது. ‘உப்புசம்’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது வயிற்றுக்குள் வாயு சேர்வது, மாட்டுக்கும் நமக்கும் வருவது. ‘ஏற்ற உப்பல்’ என்று நானே எழுதிப் பார்த்தேன். கடற்கரையில் ஏற்றம் என்றால் நீரேற்றம், அடித்துவிட்டேன். ஆகவே பொதுவாக ‘உப்பல்’, துல்லியம் தேவைப்படும் இடத்தில் ‘அழுத்த உப்பல்’.

செப்பிலியை யார் திரும்ப விடுகிறார்கள், குழம்பில்தானே விடுவோம் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் குட்டியாய்க் கழிமுகத்திலும் கண்டல் காட்டிலும் வளர்ந்து, பிறகு பாருக்குப் போய், 30 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. விளையாட்டாய்ப் பிடிப்பவர் விட நினைத்தாலும், உப்பிய மீன் மிதந்துகொண்டே கிடக்கும், கீழே போகாது. ஈயக்குண்டு கட்டிய கொக்கியில் தாடையைக் கவ்வி ஆழத்துக்கு அனுப்பினால், அழுத்தம் கூடக்கூட வளி சுருங்கி, மீன் தானாக நீந்திப் போகும். அமெரிக்காவில், மெக்சிகோ வளைகுடாவில் பார் மீன் பிடிக்கும் படகுகளில் இப்படி ஒரு கருவியோ, வளியை வெளியேற்றும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று, 2022 ஜனவரி முதல் 2026 ஜனவரி வரைக்கு ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது.

அந்தக் கருவிக்குத்தான் இன்னும் பெயர் சிக்கவில்லை. ‘மீனிறக்கி’ என்று எழுதினேன். மீன் இறங்குதளத்தில் கூடை சுமப்பவர் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ‘ஆழ்த்தி’ எப்படி?