இசைத்தட்டைப் பதியும்போது தம்புரா காணாமல் போகுது, உறுமல் மட்டும் போகுதில்லை

உவர்மலை:
எல்லாருக்கும் வணக்கம். கர்நாடகக் கச்சேரி எல்.பி. தட்டுகளை ஓடாசிற்றி 3 எண்ட ஒலிப்பதிவு மென்பொருளில் பதியிறன். டேர்ன்டேபிள் வயர் நேரே லப்டொப்பின் மைக் துளைக்குப் போகுது. விடாமல் ஒரு உறுமல் வருது. நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் தம்புரா அழிஞ்சு, பாட்டு தண்ணிக்குள்ள இருந்து வாறமாதிரி இருக்கு. கிளிக் ரிமூவலுக்குப் பிறகு மிருதங்கம் மொட்டையாக் கேட்குது. என்ன அளவுகள் வைக்கலாம்? நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுற பழைய தட்டும் நாலு இருக்கு, ஆனால் டேர்ன்டேபிளில் 33உம் 45உம் மட்டும்தான்.

உப்புவெளி:
அளவுக்கு முதல் வயரைப் பாருங்கோ. லப்டொப் மைக் துளை பெரும்பாலும் மோனோ. காந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பூட்டின துண்டு) தருவது சில மில்லிவோல்ட்தான். தட்டு வெட்டும்போது குறைச்ச பாஸைத் திரும்ப ஏற்ற, ஆர்.ஐ.ஏ.ஏ. (அந்த மாற்றத்தைச் சரிக்கட்டுற அளவுமுறை) உள்ள போனோ பிரீஅம்ப் (தட்டுச் சிக்னலைப் பெருக்கிற பெட்டி) நடுவில வேணும். அங்கையிருந்து ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட்டுக்குப் போகட்டும். டேர்ன்டேபிளின் பின்பக்கம் போனோ/லைன் சுவிட்ச் இருந்தால் பிரீஅம்ப் உள்ளேயே இருக்கு. லைனில் வைச்சு வெளிப் பிரீஅம்பையும் போட்டால் சத்தம் கிழியும்.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில அந்த இன்புட்டின் என்ஹான்ஸ்மென்ட்ஸ் முழுக்க நிறுத்துங்கோ. ஒரே சுருதியில நிற்கிற தம்புராவை அது ஃபான் சத்தம் எண்டு நினைச்சு, பதியும்போதே அமுக்கிவிடும். பிறகு ஓடாசிற்றியில என்ன செய்தும் திரும்பாது.

உறுமல் 50 ஹேர்ட்ஸ், கரண்டில இருந்து வாறது. சார்ஜரைக் கழற்றி பற்றரியில ஓட்டுங்கோ. உறுமல் நிண்டால் எர்த் லூப் (எர்த் இரண்டு வழியால இணைஞ்சு சுத்துறது). நிற்காட்டி டோன்ஆர்மில (ஊசியைத் தாங்கிற கையில) விரலை வையுங்கோ. உறுமல் மாறினால் டேர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயர் பிரீஅம்பின் ஜிஎன்டி (எர்த்) திருகாணியில சரியாப் பிடிக்கேல்லை. எங்கட கடற்காற்றுக்கு ஆர்.சி.ஏ. (ஒலி வயர்) பிளக்கும் திருகாணியும் பச்சை பூத்துவிடும். கொன்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கோ. சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்ட வேண்டாம். நோச் ஃபில்டர் (ஒரு ஹேர்ட்ஸ் அளவை மட்டும் வெட்டுறது) கடைசி வழி. 50ஐ மட்டும் எடுத்தால் 100உம் 150உம் மிஞ்சும், அதுகளையும் எடுத்தால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தாற பக்கம்) மெலிஞ்சுவிடும்.

மூதூர் பக்கம்:
நொய்ஸ் புரொஃபைலை (இரைச்சல் மாதிரியை) எங்கிருந்து எடுத்தீர்கள்? பாட்டு தொடங்க முன் வரும் "அமைதி"யில் என்றால் அங்கே தம்புரா ஏற்கனவே ஒலித்துக்கொண்டிருக்கும். அதையே இரைச்சல் என்று காட்டினால் மென்பொருள் அதைத்தான் அழிக்கும். ஊசி விழுந்த பிறகு, எந்த வாத்தியமும் வரமுன் உள்ள ஒரு விநாடி பள்ளத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். குறைப்பு 6 டெசிபெல் போதும். முதலில் ரெசிடியூ (நீக்கப்படும் ஒலி மட்டும்) என்பதைத் தெரிந்து பிரிவியூ கேளுங்கள். அதில் குரலோ தம்புராவோ கேட்டால் அளவு கூடிவிட்டது.

கிளிக் ரிமூவலை நொய்ஸ் ரிடக்‌ஷனுக்கு முன்பே செய்ய வேண்டும். திரெஷோல்ட் இயல்பாக 200, அகலம் 20. திரெஷோல்ட் எண் குறையக் குறைய அது கடுமையாகும். மிருதங்க அடியின் கூரிய தொடக்கத்தைக் கீறல் என்று வெட்டுவது அப்போதுதான். தனி ஆவர்த்தனத்தில் அதைப் போடவே வேண்டாம். பெரிய வெடிப்புகளைப் பெருப்பித்துப் பார்த்து ரிப்பெயாரால் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் எடுக்கும், விநாடிக்கு 44100 சாம்பிள் என்றால் கிட்டத்தட்ட 3 மில்லிவிநாடி.

பதியும்போது உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். மேலே முட்டி வெட்டுப்பட்டதை ஆம்பிளிஃபை குறைத்தாலும் சீராகாது. நோர்மலைஸ் (உச்சத்தை வேண்டிய அளவுக்கு ஏற்றுவது) கடைசியில், மற்றதெல்லாம் முடிந்த பிறகு.

நிலாவெளி:
78க்கு: 45இல் ஓட்டிப் பதிஞ்சு, சேஞ்ச் ஸ்பீட் அன்ட் பிட்ச்சில 45இலிருந்து 78 எண்டு தெரியுங்கோ (73.33 சதவீதம் கூட்டுறது). ஆனால் எல்.பி. ஊசி வேண்டாம். 78இன் பள்ளம் அகலம், 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி கேட்கும். எல்.பி. ஊசி அடியில தட்டி இரைச்சலைத்தான் அள்ளும். இதுகள் மோனோத் தட்டு. ஸ்டீரியோவாப் பதிஞ்சு இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் செங்குத்தா வாற இரைச்சல் ஓரளவு குறையும். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ஞ்சிருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் வையுங்கோ. கழுவுறதுக்கு அற்ககோல் வேண்டாம், 78 தட்டின் ஷெலாக் (அரக்கு) கரைஞ்சுபோகும்.

உவர்மலை:
நன்றி. சார்ஜரைக் கழற்ற உறுமல் நிண்டுது. தம்புரா விழுந்தது புரொஃபைலாலதான், ஊசி விழுந்த இடத்தில எடுத்தால் அப்படியே நிற்குது. பிரீஅம்ப் வரும்வரை பதிவை நிறுத்தி வைக்கிறன்.