என் குரலும் மாணவியின் குரலும் சேர்ந்து பதிவாக என்ன வழி?

சுருதிப்பெட்டி:
வணக்கம். வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை காலை சிட்னியில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஜூமில் வகுப்பு. வேறு இரண்டு பேருக்கு வாட்ஸ்அப் கால், அதுவும் லேப்டாப்பில்தான். வகுப்பு முடிந்து ஒருமுறை கேட்டால்தான் யாருக்கு எந்த இடத்தில் சுருதி இறங்குகிறது என்று பிடிபடும். இப்போதைக்கு லேப்டாப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்கிறேன். அதில் நான் கத்துகிறேன், குழந்தை முணுமுணுக்கிறது.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் என் குரல் மட்டும். லூப்பேக் (லேப்டாப்பில் ஒலிப்பதையே பிடிப்பது) என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அவள் குரல் மட்டும். விண்டோஸ் 10, யூஎஸ்பி மைக். "ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் தனிப்பெட்டி) வாங்குங்கள்" என்று சொல்பவர்கள் விலையையும் சொல்லிவிடுங்கள், சிரித்துவிட்டுப் போகிறேன்.

கடைசிபெஞ்ச்:
சவுண்ட் செட்டிங்கில் ரெக்கார்டிங் பகுதிக்குப் போய் ஸ்டீரியோ மிக்ஸை எனேபிள் பண்ணுங்க. முடிஞ்சுது.

பழையரேடியோ:
முடியாது தம்பி. ஸ்டீரியோ மிக்ஸ் எடுப்பது லேப்டாப்பின் சவுண்ட் கார்டு வெளியே விடும் ஒலியை. டீச்சருடைய மைக் யூஎஸ்பி, அது அந்த வழியாக வருவதே இல்லை. மைக்கின் ஒலியையும் லேப்டாப் ஸ்பீக்கர் வழியாக ஒலிக்க விட்டால் வரும். ஆனால் அவர் குரலே அவர் காதில் தாமதமாக விழும். அதைக் கேட்டுக்கொண்டு பாட முடியுமா?

டீச்சர், ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் பதிவு செய்யும். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற பதிவு மென்பொருளைப் போடுங்கள், இலவசம். திறந்ததும் கீழே டெஸ்க்டாப் ஆடியோ, மைக் என்று இரண்டு பட்டை தெரியும். அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் மைக்குக்கு 1-வது டிராக், டெஸ்க்டாப்புக்கு 2-வது டிராக் மட்டும் டிக் செய்யுங்கள். செட்டிங்ஸ், அவுட்புட்டில் மோடை அட்வான்ஸ்டு ஆக்கி, ரெக்கார்டிங்கிலும் அந்த இரண்டு டிராக்கையும் டிக் செய்ய வேண்டும். இதை விட்டால் ஒரு குரல் ஃபைலில் இருக்காது.

ஃபைல் வகை எம்கேவியாகவே (.mkv) இருக்கட்டும். நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் அதுவரை பதிவானது தப்பிக்கும். சாதாரண எம்பி4 என்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. ஆடாசிட்டியில் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற துணை மென்பொருளைச் சேர்த்துவிட்டால் எம்கேவியைத் திறக்கும்போது எந்த டிராக் வேண்டும் என்று கேட்கும்.

ஹெட்ஃபோன் கட்டாயம். ஸ்பீக்கரில் விட்டால் அவள் குரல் உங்கள் மைக்கிலும் ஏறி, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இரட்டிப்பாகக் கேட்கும். வயர் ஹெட்ஃபோனே நல்லது. புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை எந்தச் செயலியாவது எடுத்துக்கொண்டால் காதில் விழும் ஒலி பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும், சுருதி பார்க்க உதவாது.

சுருதிப்பெட்டி:
நன்றி அண்ணா. இரண்டும் தனித்தனியாக வந்துவிட்டது! ஆனால் இரண்டு சந்தேகம். என் தம்புரா பதிவில் நன்றாக இருக்கிறது, அவள் பக்கத்துத் தம்புரா வந்து வந்து மறைகிறது. ஜண்டை வரிசையை (ஸ்வரங்களை இரட்டிப்பாகப் பாடும் ஆரம்பப் பயிற்சி) சேர்ந்து பாடினால் அவள் பின்தங்கியே வருகிறாள். வீட்டில் அம்மாவோடு பாடும்போது தாளம் சரியாக இருக்கிறதாம்.

பழையரேடியோ:
குழந்தை மேல் தப்பில்லை. உங்கள் குரல் அவளுக்குத் தாமதமாகப் போகிறது, அதைக் கேட்டு அவள் பாடுவது இன்னொரு தாமதத்தோடு திரும்பி வருகிறது. டிராக் தனித்தனியாக இருப்பதால் ஆடாசிட்டியில் அவளுடையதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பொருத்திக் கேளுங்கள். அப்புறமும் பின்தங்கினால் கண்டியுங்கள். வகுப்பில் நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி என்றே வையுங்கள்.

தம்புரா மறைவதற்குக் காரணம் ஜூமின் இரைச்சல் குறைப்பு. ஒரே சீராக ஒலிப்பதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். உங்கள் மைக்கை ஓபிஎஸ் நேரடியாக எடுப்பதால் உங்கள் பதிவில் தப்பித்தது. சிட்னிப் பக்கம்தான் ஜூமின் ஆடியோ செட்டிங்கில் ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸை ஆன் செய்ய வேண்டும். உங்கள் பக்கமும் செய்யுங்கள், அவளுக்கும் உங்கள் தம்புரா கேட்க வேண்டுமே.

கடைசிபெஞ்ச்:
இதே பிரச்சினைதான் எனக்கு மிருதங்க வகுப்பில். தொப்பிப் பக்கம் (இடது பக்கம்) கேட்கவே மாட்டேங்குது. இன்னைக்கு ராத்திரி ஆன் பண்ணிப் பாக்கறேன்.