பி760, பி850, பி860: ஐ5-12400-க்கு எந்த மதர்போர்டு? உதவி தேவை (சேலம்)

கொலுசுப்பட்டறை:
வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னக் கொலுசுப் பட்டறை. பில் போடவும் கோரல் ட்ராவில் டிசைன் வரையவும் ஒரே கம்ப்யூட்டர்தான். போன வாரம் கரண்ட் போய் வந்தது, அதோடு சரி, ஆன் ஆகவில்லை. வேறு எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாட்டியும் ஃபேன்கூடச் சுற்றவில்லை. பிராசசரை நண்பனின் போர்டில் போட்டால் ஓடுகிறது. ஆக, போர்டுதான் போயிருக்கிறது.

பிராசசர் ஐ5-12400. ரேம் 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு கடையில் எச்610, பி760, பி850 என்று மூன்று பெயர் சொன்னார்கள். "850தான் புதுசு, நம்பரும் பெரிசு, அதையே போட்டுக்கங்க" என்றார்கள். இன்னொரு கடையில் பி860. பத்து நம்பர்தானே, எதை வாங்கினால் என்ன? அப்பா பணம் எடுக்கும் முன்னால் காரணம் கேட்பார்.

ஐந்துரோடு_சர்வீஸ்:
தம்பி, பி850-ஐ மறந்துவிடுங்கள். அது ஏஎம்டி பிராசசருக்கான போர்டு, உங்கள் இன்டெல் அதில் உட்காரவே உட்காராது. பி860 இன்டெல்தான், ஆனால் சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம், 1851. உங்களுடையது 1700. இரண்டுமே டிடிஆர்5 என்ற அடுத்த தலைமுறை ரேமுக்கான போர்டுகள் என்பதால் கையில் இருக்கும் ரேமும் வீண்.

பத்து நம்பரில் கம்பெனியே மாறிவிடுகிறது, பாருங்கள். பி வரிசையில் 450, 550, 650, 850 எல்லாம் ஏஎம்டி. 360, 460, 560, 660, 760, 860 எல்லாம் இன்டெல். பழைய போர்டு தேடுகிறவர்கள் மட்டும் கவனம்: பி150, பி250 இரண்டும் 50-ல் முடிந்தாலும் இன்டெல்.

இன்டெல்லில் எச்610 கீழ்ப்படி, பி நடு, இசட் மேல்படி. மூன்று எண்ணில் முதலில் நிற்கும் எண் எந்தக் காலத்துப் போர்டு என்பதைத்தான் சொல்கிறது, தரத்தை அல்ல. பி660-க்கும் பி760-க்கும் ஒரே சாக்கெட். 660 மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

ராத்திரி_கேமர்:
வாங்குறதே வாங்குறீங்க, இசட்790 போட்டுடுங்க ப்ரோ. பின்னாடி உதவும்.

ஐந்துரோடு_சர்வீஸ்:
எதற்கு? இசட் போர்டின் பெரிய பலன் பிராசசரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதற்குப் பெயரில் கே என்ற எழுத்து உள்ள பிராசசர் வேண்டும். 12400 பூட்டிய பிராசசர். டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போதே, 117 வாட்தான் அதன் உச்சம், அதற்குச் சூட்டை இறக்கப் பெரிய ஹீட்சிங்க் வைத்த போர்டு தண்டச் செலவு.

கொலுசுப்பட்டறை:
நன்றிங்க அண்ணா. அப்படியென்றால் எச்610 போதுமா? பி760-க்கு மூவாயிரத்துச் சொச்சம் கூடுதல் சொல்கிறார்கள்.

ஐந்துரோடு_சர்வீஸ்:
பில்லுக்கு மட்டும் என்றால் எச்610 தாராளமாகப் போதும். ஆனால் அதில் ரேம் ஸ்லாட் இரண்டுதான். உங்களுடைய இரண்டு 8 ஜிபியும் அதை அடைத்துவிடும். நாளைக்கு டிசைன் ஃபைல் பெரிதானால் இவற்றைக் கழற்றிவிட்டுத்தான் வேறு போட முடியும். நாலு ஸ்லாட் உள்ள பி760 என்றால் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பி760 சொல்வேன். பி760-இலும் இரண்டே ஸ்லாட்டோடு வருவது உண்டு, படத்தைப் பார்த்து எண்ணிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் வால் எழுத்துகள். 760-ஐ ஒட்டி எம் வந்தால் சின்ன அளவு போர்டு, உங்கள் கேபினெட்டுக்குச் சரி. கிகாபைட்டில் 'பி760எம் டிஎஸ்3எச் டிடிஆர்4' என்று ஒன்று, கடைசிச் சொல் இல்லாமல் 'பி760எம் டிஎஸ்3எச்' என்று இன்னொன்று. இரண்டாவது டிடிஆர்5. ஏஸுஸில் இதையே டி4 என்று சுருக்கிப் போடுவார்கள். டிடிஆர்5 போர்டில் உங்கள் ரேமைப் போட முடியாது; வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது. ஏஎக்ஸ் என்று வந்தால் வைஃபை உண்டு. உங்கள் மோடம் பக்கத்திலேயே இருந்தால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மலைக்காற்று:
நான் ஏற்காடு. இங்கே கோடை இடிக்கு லேன் ஒயர் வழியாகவே வந்து இரண்டு முறை போர்டின் லேன் போர்ட் போய்விட்டது. அதனால் நான் வைஃபை உள்ளதாகவே வாங்குவேன். கீழே சேலத்தில் எப்படியோ. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் போர்டும் பழையதன் வழியில் போகும்.

ஐந்துரோடு_சர்வீஸ்:
மலைக்காரர் சொல்வது நியாயம். இன்னொன்று: பெட்டியைக் கடையிலேயே திறந்து சாக்கெட்டின் பின்கள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த பின்னுக்குப் பெரும்பாலும் வாரண்டி தர மாட்டார்கள். சாக்கெட் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொலுசுப்பட்டறை:
இன்று வாங்கிவிட்டேன். முதலில் எடுத்து வைத்த பெட்டியில் பி760எம் என்று இருந்தது, டிடிஆர்4 என்ற சொல்லைக் காணோம். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார்கள். நான் பெயரின் வாலைக் காட்டியதும் உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார்கள். பில்லிலும் '760 போர்டு' என்று மட்டும் அடித்திருந்ததை முழுப் பெயராக மாற்றி வாங்கினேன். நாலு ஸ்லாட், பின்கள் நேர். மாட்டியதும் முதல் தடவையே ஆன் ஆனது. எர்த் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

அப்பா போர்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பழைய பில்லெல்லாம் இருக்குதாடா?" என்றார். இருக்கிறது.