மறு: கன்கஷனுக்குத் தமிழ் – மூளை அதிர்ச்சியா, பொறிக்கலக்கமா?

அண்ணாச்சிக்கும், தலையில் அடிபட்ட வீரர்களுக்கான சோதனைத் தாளைத் தமிழாக்கும் நம் குழுவினருக்கும் வணக்கம். தலையில் அடிபட்டு மூளையின் வேலை தடுமாறுவதுதான் கன்கஷன். சொற்பட்டியலுக்கு அண்ணாச்சி எழுதியது இது:

> கன்கஷன் – மூளை அதிர்ச்சி. நார்ம் – இயல்பளவு. இதோடு முடித்துக்கொள்வோம்.

முடிக்க வேண்டாம், அண்ணாச்சி. இரண்டிலுமே எனக்கு இடிக்கிறது.

அதிர்ச்சி என்றால் நம் பக்கத்தில் ஒன்று கரண்ட் ஷாக், இல்லையென்றால் சாவுச் செய்தி. அதற்கு மாற்றாக இன்னொருவர் சொன்ன 'மூளைக் கலக்கம்' இன்னும் மோசம். அதை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பையனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

கோயில் கொடைக்கு நடக்கிற கபடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பாடிப் போனவன் காலை இரண்டு பேர் வாரிப் பிடிப்பார்கள், பின்மண்டை தரையில் மோதும். இல்லையென்றால் பிடிக்கப் போனவன் தாடையில் முட்டி இடிக்கும். அடிபட்டவன் எழுந்து, எதிரணிக் கோட்டுக்குள் போய் நிற்பான். "பயலுக்குப் பொறி கலங்கிட்டுவே" என்பார் ஓரத்தில் நிற்பவர். மூஞ்சியில் தண்ணீரை அடித்து மறுபடியும் இறக்கிவிடுவார்கள்.

அந்த மனிதர் சொன்னதே போதும் என்கிறேன்: பொறிக்கலக்கம். கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதில்லை. சி.டி. ஸ்கேனிலும் பொதுவாக ஒன்றும் தெரியாது. மூளையின் வேலைதான் கொஞ்ச காலம் தடுமாறுகிறது. பொறி என்றால் புலன், கலங்கினால் தெளியும். பொறியியல் மாணவர்கள் இதை வைத்துக் கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

இனி நார்ம், அதாவது ஒருவர் சோதனையில் வாங்கும் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவு. தலையில் பட்ட அடிகளுக்காக அமெரிக்கக் கால்பந்து லீக் என்.எஃப்.எல். மீது முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 2013இல் சமரசம் ஆனது. மறதிநோய் வந்தவருக்கு இழப்பீடு உண்டு. ஆனால் நினைவாற்றல், சிந்தனைத் தேர்வில் அவர் திறன் இறங்கியிருப்பது தெரிய வேண்டும். அங்கேதான் வினை. கறுப்பின வீரர்களுக்கு ஆரம்பத்திலேயே திறன் குறைவு என்று வைத்துக்கொண்டு இன வாரியாக மதிப்பெண்ணைச் சரிக்கட்டினார்கள். ஒரே மதிப்பெண், வெள்ளைக்காரருக்குப் பணம் கிடைக்கும், கறுப்பருக்குக் கிடைக்காமல் போகும். 2020இல் கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு, இனக் கணக்கைக் கைவிடுவதாக லீக் ஒப்புக்கொண்டது.

இந்தக் கதையில் 'இயல்பளவு' என்று போட்டுப் பாருங்கள். அவன் இயல்பே அவ்வளவுதான் என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நார்ம் என்பது தேர்வு எழுத வந்த ஒரு கூட்டத்தின் கணக்கு, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது, ஆகவே ஒப்பளவு.

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. கன்கஷனா என்று பார்க்கும் மைதானச் சோதனையில் மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். டிசம்பர், நவம்பர் என்று இறங்கத் தடுமாறும் நாங்குநேரிப் பையன் பங்குனி, மாசி, தை என்று சொல்லிவிடலாம். எண்களிலும் மொழி புகுந்துவிடுகிறது. பிரிட்டனில் வேல்ஸ்காரர்கள் பேசும் வெல்ஷ் மொழியின் எண்களை உச்சரிக்க ஆங்கில எண்களைவிட நேரம் ஆகும். இரண்டு மொழியும் தெரிந்தவர்களே வெல்ஷில் குறைவான எண்களைத்தான் நினைவில் வைத்தார்கள் என்று 1980இல் எல்லிஸ், ஹென்னெல்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். ஆங்கில ஒப்பளவை வைத்து 'ஒண்ணு, ரெண்டு' சொல்பவனை எடைபோட்டால், அடிபடாதவனும் அடிபட்டவன் ஆவான். சீசனுக்கு முன் அவனுடைய மொழியிலேயே சோதித்து வைத்துக்கொண்டால் நல்லது. பேஸ்லைன் என்கிறோமே, அதற்கு 'முன்னளவு' சரிவருமா?

---

அண்ணாச்சியின் பதில்:

தம்பி, ஒப்பளவும் முன்னளவும் எடுத்துக்கொண்டேன். பொறிக்கலக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கோவைக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் அப்படிச் சொல்வார்களா என்று கேட்டுவிட்டுப் பட்டியலில் ஏற்றுவோம். அதுவரை பக்கத்தில் கன்கஷன் என்றும் இருக்கட்டும், கோச்சுகளுக்கு அதுதான் பழக்கம்.

அப்புறம், அந்தச் சோதனைத் தாளில் 22 அறிகுறிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றைப் 'பனிமூட்டத்துக்குள் இருப்பது போல' என்று பெயர்த்திருக்கிறீர்கள். பாளையங்கோட்டைப் பயல் பனிமூட்டத்துக்கு எங்கே போவான்? 'மந்தமா இருக்கு' என்று போடலாமா, இல்லை அது சோம்பலாகக் கேட்குமா? பார்த்துச் சொல்லுங்கள்.